பத்து சகன் காகம், மூன்று உதிரி

செக்காலை, காரைக்குடி.
ஜனவரி 3.

அன்புள்ள மாப்பிள்ளை முனீருக்கு, அக்கா வீட்டு மச்சான் சாதிக் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான் சுகம், உங்கள் அக்கா அஜீஸா சுகம், பின்பக்கத் தோட்டத்துக் கொய்யா மரமும் சுகம். மரத்தின் சுகத்தையெல்லாம் கடிதத்தில் எழுதுவார்களா என்று கேட்பீர்கள்; இந்தக் கடிதமே அந்த மரத்துக்காகத்தான். மஸ்கட்டில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சளி, இருமல் அண்டாமல் இருக்க ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லாமல் இந்த ஆள் ஏன் ஒன்பது பக்கம் எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். போனில் சொல்லிப் பார்த்தேன். பதினோரு நிமிடத்துக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினேன். அதற்கு நீங்கள் ஒரே ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினீர்கள். பதினோரு நிமிடம் மூச்சுவிடாமல் பேசியவனுக்கு ஒரு கட்டைவிரல் போதுமா, நீங்களே சொல்லுங்கள். அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் விமானம் ஏறி உங்கள் ஊருக்கு வரும் எதிர்வீட்டு ஷாகிர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் பெட்டியில் அடியில் சீப்புச் சீடை, அதன் மேல் மணகோலம், அதற்கும் மேல் இந்தக் கடிதமும் தேவிகா டீச்சர் கையெழுத்துப் போட்ட தாளும் இருக்கும். பிள்ளைகள் சீடையில் கை வைப்பதற்கு முன்னால் தாளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எண்ணெய்க் கறை பட்ட ஆதாரத்தை நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பேசிய பேச்சை முதலில் பதிந்து வைக்கிறேன். பின்னால் ஞாபகம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் போன் செய்தீர்கள். உங்கள் அத்தா உங்களுக்கும் அக்காவுக்கும் பொதுவில் விட்டுப்போன பின்பக்கத் தோட்டத்தைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு இரண்டு போர்ஷன் கட்டப் போவதாகவும், மேஸ்திரி வீரையாவிடம் பேசி முடித்துவிட்டதாகவும், ஜனவரி இரண்டாம் தேதி அவர் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவார் என்றும் சொன்னீர்கள். வீடு உங்கள் அத்தா வீடு, நான் கட்டிக்கொண்டு வந்தவன், வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்போது நீங்கள், "அந்தத் தோட்டத்துல என்ன மச்சான் இருக்கு? ரெண்டு காக்கா, ஒரு ஓணான். அதுகளுக்கா எடத்தைப் போட்டு வச்சிருக்கீக?" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டு வருடம் கல்யாண வீடுகளில் சமையல் பண்டாரியாக நின்று தேக்ஸா தேக்ஸாவாகப் பிரியாணி இறக்கியவன் நான். போன ரமலானோடு முட்டி தேய்ந்து, இனிப் பெரிய அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒன்பது மாதமாக எனக்கென்று இருப்பது அந்தக் கொய்யா மரத்தடியில் கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். வீட்டுக்குள் உட்கார்ந்தால், உங்கள் அக்கா குழம்பில் போடும் உப்பை எட்டிப் பார்க்கிறேன் என்று தகராறு வருகிறது. அந்த நாற்காலியும் போய்விட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்? அந்த ஆத்திரத்தில், "காக்கா மட்டுமா? பத்து தினுசுப் பறவை வந்து போகுது மாப்ள!" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அதுவரை நான் ஒரு பறவையைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எத்தனை கிராம் தேறும் என்றுதான் பார்த்திருப்பேன்.

நீங்களும் விடவில்லை. "பத்து தினுசு காட்டுங்க மச்சான், நான் செங்கல்லைத் தொடல. ஒண்ணாந்தேதி சாயங்காலம் மஃரிபு பாங்கு சொல்றதுக்குள்ள காட்டணும். உங்க வாய்ச்சொல்லு வேணாம், தேவிகா டீச்சர் கையெழுத்துப் போடணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

தேவிகா டீச்சர் நம் சந்தில் மூன்றாவது வீடு. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிறார். அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் செல்போனும் கையுமாகக் கிடக்கக் கூடாதென்று, வீட்டுத் தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணச் சொல்லிச் சந்து முழுக்கத் தாள் கொடுத்திருந்தார். படிக்கிற வயதுப் பிள்ளை இல்லாத வீடு என்பதால் எங்களுக்கு மட்டும் தாள் வரவில்லை. நானே போய்க் கேட்டு வாங்கினேன். உங்கள் பந்தயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும், பார்த்ததற்குத்தான் கையெழுத்து, பாவப்பட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

இருபத்துநாலாம் தேதி காலை ஆறரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். மதியத்துக்குள் தாள் நிறைந்துவிட்டது. சாயங்காலம் டீச்சர் வந்து வாங்கிப் பார்த்தார். 'காகம்: பத்து சகன், மூன்று உதிரி' என்று எழுதியிருந்தேன். "அண்ணே, சகன்னா என்னண்ணே?" என்றார். எங்கள் கல்யாணங்களில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம், அந்தத் தட்டுத்தான் சகன், பண்டாரிக்கு ஆளை ஒற்றை ஒற்றையாக எண்ணி வழக்கமில்லை, நாலு நாலாகத்தான் மனசில் ஏறும் என்று விளக்கினேன். டீச்சர் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நாப்பத்து மூணு காக்காவும் ஒரே நேரத்துல நின்னுச்சா?" என்றார்.

"இல்ல டீச்சர். ஒண்ணொண்ணா வந்துச்சு, ஒண்ணொண்ணாப் போச்சு."

"அப்ப வந்தது மொத்தமே ஆறு காக்காண்ணே. ஒவ்வொண்ணும் ஏழு தடவ வந்துருக்கு."

"ஆறேழு நாப்பத்திரெண்டு. மிச்சம் ஒண்ணு?"

"அதுல ஒண்ணு எட்டாந்தடவ வந்துருக்கும்."

முதல் பந்தியில் தின்றுவிட்டுக் கை கழுவி, துண்டை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மூன்றாம் பந்தியிலும் வந்து உட்காருகிற ஆட்களைப் பற்றிப் பரிமாறுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காகத்திலும் அந்த வகை உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரே நேரத்தில் சேர்ந்தாற்போல் எத்தனை தெரிகிறதோ அதுதான் கணக்கு என்று டீச்சர் சட்டத்தைச் சொல்லி, என் பத்து சகனை அடித்துவிட்டு 'ஆறு' என்று எழுதினார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததற்கு ஒரு தினுசு.

மறுநாள் யோசித்தேன். விருந்து வைக்காத வீட்டுக்கு யார் வருவார்கள்? முட்டியாவது கிட்டியாவது என்று, வீட்டு கேஸ் அடுப்பிலேயே இரண்டு படி அரிசிக்கு நெய்ச்சோறு போட்டேன். அஜீஸா அடுப்படி வாசலில் நின்று, "குருவிக்கு யாராச்சும் பட்ட, கிராம்பு தாளிச்சுக் குடுப்பாகளா?" என்று கேட்டாள். தாளிக்காத சோற்றை இந்தக் கையால் இறக்கியதில்லை என்று சொல்லிவிட்டேன். ஐந்து சகனைத் தோட்டத்தில் வரிசையாக வைத்தேன். வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் என்றால், வழக்கப்படி உள்ளே போய் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். சிரிக்காதீர்கள். முப்பத்தெட்டு வருடமும் அப்படித்தான். பந்தி பந்தலுக்குள் நடக்கும், பண்டாரி கொல்லையில் புகைக்குள் நிற்பான், வந்த கூட்டத்தை அவன் கண்ணால் பார்ப்பதே இல்லை. காலியாகத் திரும்பி வரும் சகனை வைத்தே இத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடுவான். என் கணக்கு எந்தக் கல்யாண வீட்டிலும் பத்து ஆளுக்கு மேல் தப்பியதில்லை.

அன்று ஐந்து சகனும் நாலு தடவை காலி. மொத்தம் இருபது சகன். ஒரு சகனுக்கு மனிதன் என்றால் நாலு பேர், குருவி என்றால் நாற்பதாவது சாப்பிடும். 'வந்தவை: எண்ணூறு' என்று எழுதிவிட்டு மார்பை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். டீச்சர் வந்து, "என்ன பறவைண்ணே எண்ணூறு?" என்று கேட்டார். "வந்தவுக பேரைப் பண்டாரி கேக்குறதில்ல டீச்சர்" என்றேன். "நீங்க பாத்தீகளா?" என்றார். "நான் எதுக்குப் பாக்கணும்? அதான் தட்டு சொல்லுதே" என்றேன். டீச்சர் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அண்ணே, நாளைக்கு நாற்காலியைத் தோட்டத்தைப் பாத்துத் திருப்பிப் போட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தாறாம் தேதி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சோறு வைத்த ஐந்தாவது நிமிடம், உடைந்த பின்கதவு வழியாகச் சந்துக் கோடி வீட்டு ஆடுகள் இரண்டு உள்ளே வந்து, பழகிய இடத்துக்கு வருகிற தோரணையில் முதல் சகனில் வாயை வைத்தன. என் எண்ணூறு பறவையும் அந்த இரண்டு ஆடுகள்தான். பட்டை, கிராம்பு வாசத்துக்கு அவை தலையை ஆட்டி ஆட்டித் தின்றதைப் பார்த்தபோது கோபம் வந்தது. ஆனால், என் கைப்பக்குவத்தை ஆடாவது மதித்ததே என்று ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன். ஆட்டை விரட்டி, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு, வெறும் சோற்றைக் கொஞ்சமாக வைத்தேன்.

மாப்பிள்ளை, அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தவிட்டுக்குருவிகள் வந்தன. ஏழு. பறந்துகூட வரவில்லை, தத்தித் தத்தி, வரும்போதே தங்களுக்குள் சளசளவென்று சண்டை போட்டுக்கொண்டு வந்தன. வந்து, ஒரு சகனைச் சுற்றித் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. பக்கத்தில் நாலு சகன் காலியாகக் கிடக்கிறது, அதில் ஒன்றும் போய் உட்காரவில்லை. ஒன்று ஒரு வாய் எடுத்து, தான் தின்னாமல் பக்கத்திலிருந்த குஞ்சு வாயில் வைத்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, முப்பத்தெட்டு வருடத்தில் நான் ஆக்கிய சோற்றை யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எத்தனை ஆயிரம் பேர் சாப்பிட்டிருப்பார்கள்! ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை கிராம் தேறும் என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அன்று தொடங்கி நாள் போனதே தெரியவில்லை. இடையில் உங்கள் மேஸ்திரி வீரையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் இருபத்தேழாம் தேதியிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குக் கையில் டேப்போடு வந்து நின்றார். "அளக்க வந்தேன் பாய்" என்பார். அஜீஸா இடியாப்பம் எடுத்து வைப்பாள், சாப்பிடுவார், ஒரு டீ குடிப்பார், அதற்கப்புறம் அளப்பார். ஒரு நாள் இருபத்திரண்டு அடி என்றார், மறுநாள் இருபத்தாறு என்றார், அதற்கடுத்த நாள் டேப்பைப் பிரிக்கவே இல்லை. இவரை நம்பி நீங்கள் எப்படி வீடு கட்ட நினைத்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால், ஒரு விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். அமராவதிபுதூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், எந்தப் பறவையையும் வாலை வைத்தே சொல்லிவிடுவார். கரண்டுக் கம்பியில் கன்னங்கரேலென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் குயில் என்று எழுதப் போனேன். "வாலைப் பாருங்க பாய், கத்திரிக்கோல் மாதிரி ரெண்டாப் பிரியுதுல்ல, அது கரிச்சான்" என்றார். என் தோட்டத்தைத் தோண்ட வந்த மனிதர் என் கணக்கில் ஒன்று கூட்டிக்கொடுக்கிறாரே என்று நான் அவருக்கு இன்னும் இரண்டு இடியாப்பம் வைக்கச் சொன்னேன்.

மைனா வந்தது. கொய்யாவைக் கடித்துப் போடக் கிளி வந்தது. குயிலில் கறுப்பாக ஒன்றும் புள்ளி புள்ளியாக ஒன்றும் வந்ததால் இரண்டு தினுசு என்று எழுதினேன். அது புருஷனும் பொஞ்சாதியும், ஒரே ரேஷன் கார்டுதான் என்று டீச்சர் ஒன்றை அடித்துவிட்டார். செம்பருத்தியில் தேன்சிட்டு வந்தது. கிணற்றடியில் செம்போத்து நடந்து போனதை வீரையா காட்டினார். இருபத்தெட்டாம் தேதி முடிவில் எட்டு.

உங்கள் அக்கா இதில் எப்படி நடந்துகொண்டாள் என்று கேட்பீர்கள். விளக்குமாற்றுச் சத்தத்தில் பறவை கலைகிறது என்று, தோட்டத்தைப் பெருக்கக் கூடாதென்று சொல்லிவிட்டேன். தினமும் இரண்டு வேளை பெருக்குகிறவள், கணுக்கால் ஆழத்துக்குச் சருகு சேர்ந்ததைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்றபடி, அவள் அத்தா வைத்த மரம் போகப் போகிறதே என்று ஒரு சொட்டுக் கவலை அவள் முகத்தில் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தினமும் நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் போனில் படம் எடுப்பாள். எதற்கு என்றால், "காலை நீட்டி உக்காந்திருக்கீகளான்னு டாக்டருக்குக் காட்டணும்ல" என்பாள். அவள் பொறுப்பு அவளுக்கு.

எட்டிலேயே நின்றுவிடுமோ என்ற பயத்தில் இருபத்தொன்பதாம் தேதி எனக்கு ஷைத்தான் புத்தி வந்தது. கறிக்கடைப் பக்கம் போய் உயிரோடு நாலு காடை வாங்கி வந்து, யாருக்கும் தெரியாமல் சருகில் விட்டேன். அவை ஓடி ஒளிந்துகொள்ளும், டீச்சர் வரும்போது சரசரவென்று கேட்கும் என்று திட்டம். நாலும் வரிசையாக என் பின்னாலேயே நடந்து அடுப்படிக்குள் வந்துவிட்டன. டீச்சர் பார்த்துவிட்டு, "இது பண்ணைக் காடை. நான் கேட்டது தானா வர்ற பறவை" என்று சொல்லிவிட்டார். அஜீஸா, "சரி, மிளகு போட்டு வறுத்துருங்க" என்றாள். கத்தியை எடுத்தேன். ஆயிரக்கணக்கில் அறுத்த கை, எழும்பவில்லை. காலையில் அவை நாலும் தவிட்டுக்குருவிகளோடு ஒரே சகனில் தின்றதைப் பார்த்துத் தொலைத்துவிட்டேனே. பந்தியில் உட்கார வைத்தவர்களை எப்படி அறுப்பது? இப்போது அவை பழைய கோழிக்கூட்டில் இருக்கின்றன. நாங்கள் அன்று இரவு பருப்பு ரசம் சாப்பிட்டோம்.

முப்பதாம் தேதி மார்கழி அமாவாசை. மதியம் ஒரு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி ஆச்சி மதில் வழியாக என்னைக் கூப்பிட்டார்கள். குரலில் அழுகை. "பாய், நீங்க எங்க காக்காய்களை என்ன செஞ்சீக? பதினோரு மணிக்குச் சோறு வச்சேன். எதுத்த மாதிரி உக்காந்திருக்குக, ஒண்ணும் வாய் வைக்கல. காக்கா எடுக்காம வீட்டுல யாரும் சாப்புட முடியாது. எங்க மாமனாருக்கு என்ன கோவமோ தெரியலையே" என்றார்கள். எட்டிப் பார்த்தேன். ஆறு காகமும் மதில் மேல் வயிறு முட்ட உட்கார்ந்திருந்தன. அன்று காலை, ஆட்டுக்குப் பிடித்தது காகத்துக்கும் பிடிக்கும் என்று மறுபடி நெய்ச்சோறு போட்டு மூன்று சகன் வைத்தவன் நான். ஆச்சியின் மாமனாருக்குக் கோபமே இல்லை, என் கைச் சோறு தொண்டை வரை நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆனால், வயிறு நிறைந்தவனைச் சாப்பிட வைக்கும் வித்தை பண்டாரிக்குத் தெரியாமல் இருக்குமா? "ஆச்சி, சோத்தை விடுங்க. உளுந்து வடை ரெண்டு சூடாப் போட்டு, மொறுமொறுன்னு இருக்கும்போதே வைங்க" என்றேன். வடை வந்தது. வாசம் பிடித்ததுதான் தாமதம், எங்கள் ஆறும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கிருந்தோ அண்டங்காக்காய் ஒன்று கட்டைக் குரலில் அதட்டிக்கொண்டு வந்து மதில் மேல் இறங்கி, வடையை எடுத்துவிட்டது. ஆச்சி வீட்டில் எல்லோரும் கைகூப்பினார்கள், எனக்கும் கைகூப்பத் தோன்றியது, ஏனென்றால் அண்டங்காக்காய் வேறு தினுசு. ஒன்பது! மதில் பொது மதிலாயிற்றே, பறவை யார் பக்கம் என்று டீச்சர் கேட்டார். அலகு ஆச்சி பக்கம், வால் நம் பக்கம். வால் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அன்று ஆச்சி வீட்டிலிருந்து எங்களுக்குப் பத்து வடை வந்தது.

முப்பத்தொன்றாம் தேதி ஒன்றும் வரவில்லை. ஒன்றாம் தேதி மதியம் வரை ஒன்றும் வரவில்லை. இரண்டு மணிக்கு வீரையா ஒரு டப்பாவில் வெள்ளைப் பொடியோடு வந்து, "நாளைக்குத் தோண்டணும்ல பாய், கோடு போட்டுக்குறேன்" என்று, சருகை விலக்கிவிட்டுக் கொய்யா மரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். என் நாற்காலிக்கு அடியிலும் ஒரு கோடு போனது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடையில் ஒரு வார்த்தை, வீரையா வாங்கும் சுண்ணாம்பு படு மட்டம். அரை மணி நேரத்தில் கோடு நெடுக எறும்பு மொய்த்துவிட்டது. சுண்ணாம்பில் எறும்பு ஏறி நான் பார்த்ததில்லை. எங்கே வாங்குகிறார் என்று விசாரியுங்கள்.

ஐந்து மணிக்கு டீச்சர் தாளோடு வந்து உட்கார்ந்தார். அஜீஸா வந்தாள். வீரையா வேலை முடிந்தும் போகவில்லை. ஐந்தே முக்கால் ஆயிற்று. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பந்தி போட்டுவிட்டு ஆள் வராமல் காத்திருக்கும் கல்யாண வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அப்போது சருகுக்குள்ளிருந்து ஒரு சீட்டி. இரண்டே சுரம். வீரையா விறைத்துப் போய், "பாய், அசையாதீக. அங்குட்டு, கோட்டுக்குப் பக்கத்துல பாருங்க" என்றார். முதுகு பச்சை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. சிறகில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு. வால் மட்டும் இருந்தும் இல்லாமல் இருந்தது. சருகைப் புரட்டிப் போட்டு, அந்த மட்டச் சுண்ணாம்புக் கோட்டின் எறும்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுகொண்டே என் நாற்காலி வரை தத்தி வந்தது. "ஆறுமணிக் குருவி பாய். காலையில ஆறு, சாயங்காலம் ஆறு, டயத்துக்குக் கூப்புடும்" என்றார் வீரையா. டீச்சர் போனைத் திருப்பிக் காட்டினார், ஆறு மணி ஒரு நிமிடம். மஃரிபு பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில் யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

டீச்சர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார், அது இமயமலைப் பக்கத்திலிருந்து குளிருக்கு இங்கே வந்து, கோடைக்குத் திரும்பிப் போகிற பறவையாம். பெருக்காத சருகும் மர நிழலும் இருந்தால்தான் இறங்குமாம். உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன் மாப்பிள்ளை. நீங்களும் வருடத்தில் முப்பது நாள் வந்துவிட்டுப் போகிறவர். வரும்போதெல்லாம் முதலில் கொய்யா மரத்தடியில்தான் உட்காருகிறீர்கள். இரண்டு போர்ஷனிலும் வேறு யாராவது குடியிருந்தால் நீங்கள் எங்கே இறங்குவீர்கள்? பத்து தினுசு காட்டிவிட்டேன். கையெழுத்து இருக்கிறது. இனி நீங்கள் செங்கல்லைத் தொடக் கூடாது. அடுத்த லீவைக் குளிர்காலத்தில் எடுத்துக்கொண்டு வாருங்கள், நாற்காலியை உங்களுக்கு விட்டுத்தருகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். காகம் முதல் ஆறுமணிக் குருவி வரை பத்து வீட்டாரும், கோழிக்கூட்டில் இருக்கும் நாலு காடையும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். அல்லாஹ் உங்கள் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
பந்தயத்தில் வென்ற உங்கள் மச்சான்,
சாதிக் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்பது பக்கத்தையும் உங்கள் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். வீரையாவும் இடியாப்பத்துக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ கொட்டிவிட்டது. "இதை ஏன் ஷாகிர்ட்ட குடுத்து விடுறீக? தம்பிதான் வீடு கட்டலன்னு இருபத்தாறாம் தேதியே சொல்லிட்டானே" என்கிறாள். அன்று காலை நான் தவிட்டுக்குருவியைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினாளாம். பார்த்துவிட்டு, "மச்சான் இப்படிச் சிரிச்சு ஒம்போது மாசமாச்சேக்கா, தோட்டம் கெடக்கட்டும். ஆனா அவுககிட்ட சொல்லிராத" என்றீர்களாம். அதற்கப்புறம் தினமும் படம், தினமும் நீங்கள் சிரிப்பு. அந்தக் கட்டைவிரலுக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது. வீரையா அளக்க வந்ததெல்லாம் அக்கா சொல்லித்தானாம், இடியாப்பத்துக்கும்தானாம். அந்தச் சுண்ணாம்பு சுண்ணாம்பே இல்லை, நம் வீட்டுப் பச்சரிசி மாவு. எறும்பு ஏறாமல் என்ன செய்யும்? ஆகவே மேலே எழுதிய ஒன்பது பக்கத்தையும் தள்ளுபடி செய்துவிடுங்கள், ஆறுமணிக் குருவியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் இல்லை. நேற்று காலை தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். பத்தில் ஏழு வந்தன. ஆனால், ஆள் வருமா வராதா என்ற அந்தப் பயம் இல்லாமல் எனக்குப் பந்தி வைத்துப் பழக்கமில்லை மாப்பிள்ளை. பிப்ரவரியில் நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு இருக்கிறதாம், டீச்சர் சொன்னார். எனவே தயவுசெய்து ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து மறுபடியும் போன் செய்து மிரட்டுங்கள். இந்த முறை இரண்டு போர்ஷன் வேண்டாம், மாடி வீடு என்று சொல்லுங்கள். பதினைந்து தினுசு கேளுங்கள். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், இந்த முறை அவளும் கொஞ்சம் பயப்படட்டும்.